பாரம் இழுக்க எந்த பிக் அப்? டீசலா, பெட்ரோலா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உள்ள புஸ்பாகோம் சோதனை நிலையத்துக்குப் போகும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், நம்மவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர், உணவு டிரெய்லர் வைத்திருப்பவர், கோலா மூடா பக்கம் படகை இழுத்துச் செல்பவர், நிபோங் திபால் பக்கம் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் என எல்லோருக்கும் வண்டிதான் மூலதனம்.

அப்படிப்பட்டவர்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “அண்ணே, டீசல் வண்டி எடுக்கலாமா, பெட்ரோல் வண்டி எடுக்கலாமா?” 2024-ஆம் ஆண்டுக்கு முன் இதற்கு யோசிக்காமல் “டீசல்” என்று சொல்லிவிடுவார்கள். இன்று அப்படிச் சொல்ல முடியாது. டீசலின் விலையும் மாறிவிட்டது, பெட்ரோலின் விலை முறையும் மாறிவிட்டது.

புதிய பிக் அப் ஒன்று ஒரு லட்சம் வெள்ளியைத் தொடுகிறது, பல தாண்டியும் போகின்றன. ஏழு அல்லது ஒன்பது ஆண்டுக் கடன். தவறான வண்டியை எடுத்துவிட்டால் அந்த ஒன்பது ஆண்டும் மாதாமாதம் அந்தத் தவறுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே, கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல், நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் குழப்பம்

யூடியூப்பில் அமெரிக்கர்கள் போடும் காணொளிகளில் “கேஸ் டிரக்கா, டீசல் டிரக்கா” என்று பேசுவார்கள். அங்கே “கேஸ்” என்றால் பெட்ரோல்தான். நம் நாட்டில் “கேஸ் வண்டி” என்றால் என்ஜிவி எனும் இயற்கை எரிவாயு வண்டி. இரண்டும் வேறு.

நம் நாட்டின் என்ஜிவி கதை முடிந்துவிட்டது. 2025 ஜூலை 1 முதல் என்ஜிவி வாகனங்களுக்குச் சாலையில் இடமில்லை என்று அரசாங்கம் அறிவித்து நடைமுறைப்படுத்தியது. எரிவாயு தோம்புகளின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டு. பல வண்டிகளில் அந்தக் காலம் கடந்துவிட்டதே காரணம். எனவே, யாராவது என்ஜிவி மாற்றிய பழைய வண்டியை “மலிவாகத் தருகிறேன்” என்று காட்டினால், விலை கேட்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காளையும் குதிரையும்

தைப்பூசத்தின்போது பினாங்கில் வெள்ளி ரதத்தை இழுத்துச் செல்வது காளைகள். குதிரையைக் கட்டினால் வேகமாகப் போகலாமே என்று யாரும் கேட்பதில்லை. பாரத்தை நின்ற இடத்திலிருந்து அசைத்து, மெதுவாக, நெடுநேரம் இழுக்கக் காளைதான் சரி.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான். வண்டி விளம்பரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குதிரைத்திறன். மற்றொன்று முறுக்கு விசை, பட்டறையில் “டார்க்” என்பார்கள். குதிரைத்திறன் அதிகமிருந்தால் பாரத்தோடும் வேகத்தை விடாமல் ஓடும். சக்கரத்தைத் திருப்பி, நிற்கும் பாரத்தை நகர்த்துவது டார்க். அந்த டார்க் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதும் முக்கியம்.

டோயோட்டா ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அதே ஹைலக்ஸ் ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடும் விற்கப்பட்டது. அதன் டார்க் 245 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில்தான். அதாவது, டீசல் வண்டி நிதானமாக முனகிக்கொண்டு செய்யும் வேலையைப் பெட்ரோல் வண்டி கத்திக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். கத்தக் கத்த எண்ணெய் குடிக்கும்.

பெரிய வண்டிகள் ஓடும் அமெரிக்காவிலும் இதே நிலைதான். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 430 குதிரைத்திறன், 6.7 லிட்டர் டீசலுக்கு 475. குதிரைத்திறனில் பெரிய வித்தியாசமில்லை. டார்க்கில்தான் பெரிய இடைவெளி: பெட்ரோலுக்குச் சுமார் 640 நியூட்டன் மீட்டர், டீசலுக்குச் சுமார் 1,420.

எண்ணெயிலும் வேறுபாடு உண்டு. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை அதிகமாக அழுத்தி எரிப்பதால் அந்த ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. அதனால்தான் ஒரே பாரத்தை ஒரே தூரம் இழுக்க டீசல் வண்டிக்குக் குறைந்த லிட்டர் போதும்.

டார்க் மட்டும் போதாது: ராப்டர் தரும் பாடம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் விற்கும் பிக் அப்களில் பெட்ரோல் எஞ்சினோடு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் 3.0 வி6. 397 குதிரைத்திறன், 583 நியூட்டன் மீட்டர் டார்க். காகிதத்தில் பார்த்தால் எந்த டீசல் ரேஞ்சரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆனால், அதன் இழுவைத் திறன் 2,500 கிலோ. 210 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும் கொண்ட சாதாரண ரேஞ்சர் 2.0 டீசலின் இழுவைத் திறன் 3,500 கிலோ. எஞ்சின் பெரிது, இழுவை சிறிது. ஏன்? ராப்டரின் சஸ்பென்ஷன் மேடு பள்ளத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. பின்பக்கம் மென்மையானது. பின்னால் பாரம் தொங்கினால் தாங்காது.

ஆகவே, ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. சட்டகம், சஸ்பென்ஷன், பிரேக், கியர்பெட்டி, குளிரூட்டி எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கடையில் “எத்தனை குதிரைத்திறன்” என்று கேட்பதற்கு முன், “பிரேக் உள்ள டிரெய்லர் எத்தனை கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லர் எத்தனை கிலோ” என்று கேளுங்கள். பதிலை வாய் வார்த்தையாக வாங்காதீர்கள். வண்டியின் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

3,500 கிலோ என்றால் 3,500 கிலோ அல்ல

ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா ஆகியவற்றின் நான்கு சக்கர இயக்க டீசல் வகைகளுக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் 3,500 கிலோ என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அது டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவாக 750 கிலோதான் வரம்பு. நம்மூர்ப் பட்டறைகளில் அடித்துத் தரும் சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் இருப்பதில்லை. ஜெனரேட்டர், கூடாரத்து இரும்புக் குழாய், ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றினால் 750 கிலோவைத் தாண்டப் பெரிய முயற்சி தேவையில்லை.

இரண்டு, டிரெய்லரின் எடை என்பது டிரெய்லரும் அதிலுள்ள பாரமும் சேர்ந்தது. இரும்பு டிரெய்லரே 400, 500 கிலோ இருக்கும். அதைக் கழித்த பிறகு மீதிதான் சரக்குக்கு.

மூன்று, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. பிக் அப்பின் முதுகில் ஐந்து பேரும் ஒரு டன் சரக்கும் ஏற்றிக்கொண்டு, பின்னால் 3,500 கிலோவையும் இழுக்க முடியாது. முதுகில் ஏற்ற ஏற்ற, பின்னால் இழுப்பதைக் குறைக்க வேண்டும். டிரெய்லரின் முன் முனை கொக்கியில் அழுத்தும் எடையும் வண்டி சுமக்கும் எடையில்தான் சேரும்.

விலை எப்படித் தலைகீழானது

2021 பிப்ரவரி முதல் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசு, ரோன் 95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு என்று அரசாங்கம் மானியம் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தது. குறைவாகக் குடிக்கும் டீசல் வண்டிதான் அப்போது எல்லா வகையிலும் லாபம்.

2024 ஜூன் 10-ஆம் தேதி அது மாறியது. தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசு ஆனது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை தொடர்ந்தது. அதன் பிறகு தீபகற்பத்து டீசல் விலை சந்தையைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025-இல் 3 வெள்ளிக்குக் கீழே இறங்கிய வாரங்களும் இருந்தன.

அதே நேரம் மூன்று வகையான உதவிகள் அறிவிக்கப்பட்டன. தனிநபர் பெயரில் டீசல் வண்டி வைத்திருந்து, ஆண்டு வருமானம் 100,000 வெள்ளிக்கு மேற்போகாதவர்களுக்கும், தகுதிபெறும் சிறுதோட்டக்காரர்களுக்கும் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி. தகுதிபெற்ற சரக்கு வாகனங்களுக்கு எஸ்கேடிஎஸ் 2.0 திட்டத்தின்கீழ் அட்டை மூலம் 2 வெள்ளி 15 காசுக்கு டீசல். பள்ளிப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்துக்கு 1 வெள்ளி 88 காசு.

பெட்ரோலுக்கு மாற்றம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்தது. புடி95 திட்டத்தில் மலேசியர்களுக்கு மைகாட் மூலம் ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரம்பு. மானியம் இல்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 காசு.

இப்போது நாம் பார்க்க வேண்டியது பம்ப்பில் எழுதியிருக்கும் விலையை மட்டுமல்ல. எந்த மானியத்தின் கீழ் வருகிறோம் என்பதையும்தான்.

ஒரு மாதக் கணக்கு

கூடாரம் வாடகைக்கு விடும் ஒருவர் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தோடு டீசல் பிக் அப் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர், அதே வேலைக்குப் பெட்ரோல் வண்டி 17 லிட்டர் குடிக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு. உங்கள் வண்டியின் உண்மையான அளவை, தொட்டியை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

டீசலுக்கு மாதம் 180 லிட்டர், பெட்ரோலுக்கு 255 லிட்டர்.

2024-க்கு முந்திய விலையில்: டீசல் 387 வெள்ளி, பெட்ரோல் 523 வெள்ளி. டீசல் 136 வெள்ளி லாபம்.

டீசல் 3 வெள்ளி 35 காசு, எந்த உதவியும் இல்லை: டீசல் 603 வெள்ளி. புடி95-இல் பெட்ரோல் 507 வெள்ளி. பெட்ரோல் 96 வெள்ளி லாபம்.

அதே டீசல் விலை, மாதம் 200 வெள்ளி உதவி கிடைக்கிறது: டீசல் 403 வெள்ளி. டீசல் 104 வெள்ளி லாபம்.

எஸ்கேடிஎஸ் அட்டை உள்ள சரக்கு வண்டி: டீசல் 387 வெள்ளி. டீசலுக்கே வெற்றி.

ஒரே வண்டி, ஒரே வேலை. ஆனால், யார் பெயரில் பதிவு, என்ன தகுதி என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. நிறுவனத்தின் பெயரில் வண்டியைப் பதிவு செய்தால் தனிநபருக்கான 200 வெள்ளி உதவி கிடைக்காது. வரிக்காக சென்டிரியான் பெர்ஹாட் பெயரில் வாங்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எஸ்கேடிஎஸ் பட்டியலில் உங்கள் வகை வண்டி இருக்கிறதா என்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

விலை வாரந்தோறும் மாறுவதால் ஓர் எளிய எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவில், உதவி எதுவும் இல்லாதவருக்கு டீசல் லிட்டர் 2 வெள்ளி 82 காசுக்கு மேல் போனால் பெட்ரோல் மலிவு. 200 வெள்ளி உதவி பெறுபவருக்கு அந்தக் கோடு 3 வெள்ளி 93 காசு. மானியமோ வரம்போ மாறினால் இந்தக் கோடும் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

அதிகம் ஓடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் வண்டிக்கு 510 லிட்டர் வேண்டும். தொடக்கத்தில் இருந்த 300 லிட்டர் வரம்பின்படி, அதைத் தாண்டியதற்கு முழு விலை. அப்போது பெட்ரோல் செலவு 1,143 வெள்ளி ஆகிவிடும். உதவியோடு டீசல் 1,006 வெள்ளி. தூரம் கூடக் கூட டீசலின் கை ஓங்குகிறது.

மலிவு டீசல் என்று யாராவது வந்தால்

இந்த விலை வித்தியாசத்தில் ஒரு கள்ளச் சந்தையும் இருக்கிறது. மீனவர்களுக்கோ பொதுப் போக்குவரத்துக்கோ உரிய மானிய டீசலைத் தோம்பில் கொண்டுவந்து குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்வார்கள். 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இதற்குத் தனிநபருக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்க, தண்ணீரும் அழுக்கும் கலந்த டீசல் இன்றைய எஞ்சினின் இன்ஜெக்டர்களைக் கெடுத்துவிடும். லிட்டருக்கு ஒரு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், பட்டறையில் ஆயிரக்கணக்கில் அவிழ்க்க வேண்டிவரும்.

பராமரிப்பு: அந்தக் கால டீசல் அல்ல இது

“டீசல் எஞ்சின் சாகாது” என்பது தோட்டத்து லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களின் நம்பிக்கை. பழைய இசுசு, நிசான் லாரிகளுக்கு அது பொருந்தியது. அவற்றில் மின்னணு எதுவும் இல்லை. சுத்தியலும் ஸ்பேனரும் போதும்.

இன்றைய டீசல் எஞ்சினில் உயர் அழுத்த இன்ஜெக்டர், டர்போ, இஜிஆர், சிலவற்றில் புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப் எல்லாம் உண்டு. நன்றாகப் பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும். பராமரிக்காமல் விட்டால் ஒரே அடியில் பெரிய செலவு வைக்கும். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போடுபவர் டீசல் வண்டி வாங்காமல் இருப்பது நல்லது.

டிபிஎஃப் உள்ள வண்டியை வீட்டிலிருந்து பாகான் ஆஜாம் சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதிலுள்ள கரி எரிந்து போக, அவ்வப்போது நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சூடாக ஓட வேண்டும். நாள் முழுதும் குறுகிய தூரம், நின்று நின்று போகும் வேலை என்றால் பெட்ரோல்தான் தொல்லை இல்லாதது.

டீசலின் தரத்தைப் பற்றிய பழைய பயம் இப்போது தேவையில்லை. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டு நிலையங்களில் யூரோ 5 டீசல்தான். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். சாதாரண பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். நம் தோட்டத்துக் குலையே நம் வண்டிக்குத் திரும்பி வருகிறது என்று சொல்லலாம். பி10-க்கு முதன்முறை மாறும் பழைய வண்டியில், தொட்டியில் படிந்திருந்த அழுக்கு கரைந்து வரலாம். எரிபொருள் வடிகட்டியைச் சீக்கிரமே ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து

பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு டிரெய்லரோடு போகிறவர்களுக்கு கோலாகங்சாரைக் கடந்தபின் மெனோரா சுரங்கப்பாதைச் சரிவு நன்றாகத் தெரியும். ஏறும்போது டீசல் தன் பலத்தைக் காட்டும். இறங்கும்போது என்ன?

“டீசல் எஞ்சின் பிடித்து நிறுத்தும்” என்று பலர் நம்புகிறார்கள். பெரிய லாரிகளில் அதற்கென்றே எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. சாதாரண பிக் அப்பில் பெரும்பாலும் கிடையாது. சொல்லப்போனால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சின் காற்றை அடைத்து, தானாகவே ஓரளவு பிடித்து இழுக்கும். டீசலில் அந்தப் பிடிப்பு குறைவு. எதுவானாலும், சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகி, தேவையான நேரத்தில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் சரி.

டிரெய்லர் ஆட்டம் இன்னொரு ஆபத்து. பாரத்தைப் பின்பக்கமாக ஏற்றினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல் டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். டிரெய்லர் எடையில் சுமார் பத்து விழுக்காடு கொக்கியில் அழுத்த வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பதறிப்போய் பிரேக்கை அழுத்தவோ, ஸ்டியரிங்கை வெட்டவோ கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

அதிகப் பாரம் என்ன செய்யும் என்பதற்கு 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கல் ஏற்றிச் சென்ற லாரியோடு மோதியதில் கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு அதிகப் பாரம் ஏற்றும் வண்டிகள் மீதான சோதனை நாடு முழுவதும் கடுமையானது. நம் பிக் அப் சின்னதுதானே என்று இருந்துவிட முடியாது. எதிரே வருபவருக்கு இரண்டு டன் பாரமும் உயிர் பறிக்கும் பாரம்தான்.

ஜேபிஜே, காப்புறுதி

டிரெய்லர் என்பது வண்டியில் மாட்டும் ஒரு சாமான் அல்ல. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் டிரெய்லரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பட்டறையில் செய்து, எண் பட்டையை மாட்டி, சாலையில் இறக்கிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். இழுவைக் கொக்கி பொருத்துவதற்கும் டிரெய்லர் செய்யக் கொடுப்பதற்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருக்கும் டி வகை உரிமம் 3,500 கிலோவுக்கு மேற்போகாத வெற்று எடையுள்ள வண்டிக்கானது. கனமான வண்டிக்கும், கூலிக்குச் சரக்கு ஏற்றுவதற்கும் வேறு உரிமங்கள் உண்டு. இதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

காப்புறுதி நிறுவனத்திடம் வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறேன், டிரெய்லர் இழுக்கிறேன் என்று சொல்லாமல் மறைத்தால், விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை தெரியும். பாலிசியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

நம்மில் பலர் புதிய வண்டி வாங்குவதில்லை. பழைய பிக் அப்பைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ஓடும்போது கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர் அல்லது டர்போவில் கோளாறு இருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். புகை பலமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

வண்டிக்கு அடியில் குனிந்து சட்டகத்தைப் பாருங்கள். கொக்கி பொருத்திய இடத்தில் வெடிப்போ புது வெல்டிங்கோ இருந்தால், அது பாரம் இழுத்துக் களைத்த வண்டி. கடலோரத்தில் படகு இழுத்த வண்டியில் துரு உள்ளே புகுந்திருக்கும்.

ஆட்டோ கியர் என்றால் கியர் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனை வந்தால் வாங்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை வேண்டும். அதை வெறும் சடங்காக நினைக்காமல், பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன் முடிவைப் பாருங்கள். ஆனால், அந்தச் சோதனை எஞ்சினின் ஆயுளைச் சொல்லாது. அதற்கு உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் நூறு வெள்ளி வீண் போகாது.

டிரெய்லர் உண்மையிலேயே வேண்டுமா?

பலர் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. மாதத்தில் நான்கு வார இறுதி மட்டும் கூடாரமும் நாற்காலியும் ஏற்றுபவருக்கு, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுள்ள கிரான் மேக்ஸ் போன்ற சின்ன லாரி போதுமானதாக இருக்கலாம். ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை போக வேண்டும். ஆனால், வண்டி விலை குறைவு, பராமரிப்பு எளிது, டிரெய்லர் அனுமதி தொல்லை இல்லை, குறுகிய சந்துக்குள்ளும் நுழையும்.

பெரிய படகையோ, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உணவு டிரெய்லரையோ வாரத்துக்குப் பல முறை இழுப்பவருக்கு இது சரிப்படாது. அவருக்கு டீசல் பிக் அப்தான்.

செம்பனைத் தோட்டத்துக்காரருக்கும் டீசலே பொருந்தும். மழைக்குப் பின் சேற்றுப் பாதையில், குறைந்த சுற்றில் கிடைக்கும் டார்க்கும் நான்கு சக்கர இயக்கமும் இல்லாவிட்டால் குலைகள் தோட்டத்திலேயே கிடந்து வீணாகும். தகுதியிருந்தால் சிறுதோட்டக்காரருக்கான உதவிக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

சுருக்கமாக

டீசல் எடுக்கலாம்: 750 கிலோவுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர், மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர், மலைப்பாதையிலோ தோட்டத்திலோ ஓட்டுபவர், மானிய உதவிக்குத் தகுதியுள்ளவர், சர்வீஸைத் தள்ளிப் போடாதவர்.

பெட்ரோல் எடுக்கலாம்: பட்டணத்துக்குள் குறுகிய தூரம் ஓடுபவர், பாரம் ஒரு டன்னுக்குள் இருப்பவர், டீசல் உதவி கிடைக்காதவர், புடி95 வரம்புக்குள் மாதத்தை ஓட்ட முடிந்தவர்.

இரண்டுக்கும் முன், ஒரு தாளில் ஐந்தே வரி எழுதுங்கள். இழுக்கப் போகும் மொத்த எடை எவ்வளவு? மாதம் எத்தனை கிலோமீட்டர்? வண்டி யார் பெயரில்? எந்த உதவிக்குத் தகுதி? மாதத் தவணை போக எண்ணெய்க்கும் பட்டறைக்கும் எவ்வளவு மிஞ்சும்? இந்த ஐந்துக்கும் விடை எழுத முடியாவிட்டால், விற்பனையாளர் நீட்டும் பேனாவை இன்னும் ஒரு வாரம் வாங்காமல் இருங்கள். வண்டி எங்கும் ஓடிப் போகாது.